தண்ணிக்கு இரண்டு கிலோ

ஹாலிஎலைக்கு மேலே பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் கார்ப் பந்தயத் தடத்தை மறுபடி திறக்கப்போகிறார்கள். உள்ளூர்க் கழகம் ஒன்று சிறிய அளவில் பந்தயங்கள் நடத்த அனுமதி வாங்கியிருக்கிறது. அதற்காகப் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்பப் பரிசோதகர்கள் சிலர் போன மாதம் பதுளையில் என் வீட்டுக்கு வந்தார்கள். எடைக் கொட்டிலைக் கழுவும்போது சுவரில் ஒரு பழைய பலகை இருந்ததாம். அதில் மூன்று வரிகள். எண்ணைக் கண்ணால் பார். பார்த்ததை இரண்டு முறை சொல். எதையும் கழிக்காதே.

முதல் இரண்டும் விளங்குகிறது, மூன்றாவது எதற்கு என்று கேட்டார்கள். "கார் வெயிட்ல போய் யாரு கழிக்கப் போறா, சேர்?" என்றார் அவர்களில் ஒரு பெண்.

பலகையை எழுதியவன் நான். அவர்களுக்கு அன்று தேநீர் ஆறும் முன் சொல்லி முடிக்க முடியவில்லை. ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியது இதுதான்.

என் அப்பா தெமோதரைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திர அறையில் வேலை செய்தவர். நான் பதுளையில் ஒரு கராஜில் வேலை பழகினேன். பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு ஒரு லொறிக் கம்பனியின் வேலைத்தலம். அங்கே இருந்தபோதுதான் அந்தச் சர்வதேசப் பந்தயத் தொடர் எங்கள் பக்கத்துக்கு வந்தது. அதன் முழுப் பெயர் நீளமானது. நாங்கள் 'தொடர்' என்றே சொல்வோம். ஆங்கிலம் வாசிக்கவும் அளவு எடுக்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்றார்கள். உதவிப் பரிசோதகனாகச் சேர்ந்தேன். தொடர் முடியும்வரை அதனோடு இருந்தேன். அதற்குப் பிறகு வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். ஆனால் என் தொழில் எது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வாயில் வருவது தொடர்தான்.

ஆரம்பத்தில் அதில் ஓடியவை தெருவில் ஓடும் சாதாரணக் கார்கள். நாலு கதவு, பின் இருக்கையைக் கழற்றி இரும்புக் கூண்டு போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பார்க்க வருகிறவனின் மாமாவிடமோ முதலாளியிடமோ அதே கார் இருக்கும். அதனால்தான் கூட்டம் வந்தது. தோட்டம் ஒன்றில் கைவிடப்பட்ட தேயிலை மலையைச் சுற்றித் தார் போட்டு எங்கள் தடத்தை அமைத்திருந்தார்கள். பந்தய நாளில் மேல் மலைச்சரிவெல்லாம் குடை. பக்கத்து ஊரான எல்லவில் தங்க அறை கிடைக்காது. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் ஹாலிஎல ஸ்டேஷனில் இறங்கிக் கால்நடையாகவே ஏறி வருவார்கள்.

கூட்டத்தைப் பார்த்துக் கார்க் கம்பனிகள் வந்தன. கம்பனிகளோடு பொறியியலாளர்கள் வந்தார்கள். வெளியே தெருக்காராகத் தெரிந்த ஒன்றின் உள்ளே எதுவும் தெருக்காருடையதாக இல்லாமல் போனது. ஒவ்வொரு கெட்டிக்காரத்தனத்துக்கும் ஒரு புது விதி எழுதினோம். ஒவ்வொரு விதிக்கும் அவர்கள் ஒரு சட்டத்தரணியைக் கூட்டி வந்தார்கள். தடத்தில் முடிய வேண்டிய பந்தயம் அறைக்குள் முடியத் தொடங்கியது. சனங்களுக்கு மாலையில் யார் ஜெயித்தது என்று தெரியாமலே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போனவர்கள் அடுத்த முறை வரவில்லை. செலவைக் குறைக்கத் தொடரின் அலுவலகம் முதலில் கைவைத்தது எங்கள் ஆட்களில்தான்.

எங்கள் தலைமைப் பரிசோதகர் சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, பண்டாரவளையில் குடியிருந்தவர். உயரம் குறைவு, வெள்ளைச் சட்டை, எப்போதும் நெஞ்சுப் பையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை. காரை அவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. எதைக் காட்ட வேண்டுமானாலும் பென்சில் நுனியால் காட்டுவார். 'பிழை' என்ற சொல்லை ஒருபோதும் பாவித்ததில்லை. 'பொருந்தேல்லை' என்பார். அதைச் சொல்வதற்கு முன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைப்பார். அதனால் பந்தயக் குழுக்களின் ஆட்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவருடைய நெஞ்சுப் பையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. யார் எந்த அளவைச் சொன்னாலும் கேட்பார். "பார்த்தனீரோ, கேட்டனீரோ?" நீயே பார்த்தாயா, மற்றவன் சொல்லக் கேட்டாயா என்று அர்த்தம். கேட்டேன் என்றால் கோபிக்க மாட்டார். "அப்ப போய்ப் பார்த்துக்கொண்டு வாரும்" என்பார். சில நாள் அது எரிச்சலாக இருக்கும். வெயிலில் தடத்தின் அந்தக் கோடிக்கு மறுபடி நடக்க வேண்டும்.

எடை போடும் முறையையும் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் முதலில் வந்த கார்கள் நேராகக் கயிறு கட்டிய முற்றத்துக்கு வர வேண்டும். அதற்குள் குழுவைச் சேர்ந்த யாரும் காரைத் தொட முடியாது. ஓட்டுநர் இறங்காமல், தலைக்கவசத்தோடு, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டில் ஏற்றி நிறுத்துவார். நாலு தட்டு, ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் எண் காட்டும் சிறிய பெட்டி. நாலு பேர் குந்தியிருந்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார்கள். நான் நடுவில் நின்று எழுதிக் கூட்டுவேன். விதி ஒரே வாக்கியம். கார் பந்தயத்தை முடித்த நிலையில், ஓட்டுநரோடு, எதையும் ஏற்றாமல் இறக்காமல் நிறுக்கப்பட வேண்டும். குறைந்தபட்ச எடைக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அந்தப் பந்தயத்தில் அவர் பெயர் இல்லை. ஜெயித்தவர்களின் காரில் அடுத்த பந்தயத்துக்கு ஈயப் பாளம் வைத்துப் பூட்டுவோம், எல்லாரும் சமமாக ஓட வேண்டும் என்று. எடை கூடினால் வேகம் குறையும். ஆகவே ஒவ்வொருவரும் எல்லைக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய் நிற்பார்கள்.

இனி மோகனின் வழக்கு.

மோகன் அந்தத் தடம் இருந்த தோட்டத்துப் பையன். பதுளையில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தான். தானே கட்டிய காரில் தானே ஓடினான். அவனுடைய அம்மா ராசம்மா அப்போதும் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கம்பனிக் குழுக்களுக்கு நடுவில் தனியாள் ஒருவன் ஒரு முழு ஆண்டு ஓடிப் பட்டத்துக்குக் கிட்ட வந்தது தொடரில் அதுவரை நடக்காத காரியம். கடைசிப் பந்தயம் எங்கள் தடத்தில். அவன் முதல் மூன்று பேருக்குள் வந்தால் பட்டம் அவனுக்கு. பட்டம் கிடைத்தால் அடுத்த ஆண்டு ஒரு கம்பனி தன் காரில் அவனை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கிடைக்காவிட்டால் அவனிடம் இன்னொரு ஆண்டு ஓட வழி இல்லை. இதை அவன் என்னிடம் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஈயப் பாளத்துக்கு முத்திரை வைக்கும்போது, "இதோட முடிஞ்சிரும்ணே, ஒண்ணு அங்கிட்டு, இல்ல இங்கிட்டு" என்றான்.

அந்த ஆண்டு எண் வாசிக்கும் ஆட்கள் நாலு பேரையும் கூட்டி வர அலுவலகம் பணம் தரவில்லை. உள்ளூரில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று தட்டுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களைப் பிடித்தேன். நாலாவதுக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முத்துவேலு ஐயாவைக் கேட்டேன். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து நிறுத்தவர். பார்வை கூர்மை, குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். சனிக்கிழமை நல்ல வெயிலில் ஒத்திகை பார்த்தோம். சொன்ன எண் ஒவ்வொன்றையும் சிவபாதம் ஐயா தானே குனிந்து சரிபார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஞாயிறு பகல் அப்புத்தளைப் பக்கத்திலிருந்து மழை இறங்கியது. முதலில் தூறல், பிறகு எதிரே இருக்கும் மலை தெரியாத மழை. பந்தயத்தை நிறுத்துவார்கள் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. மோகன் நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பழைய தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு வளைவு உண்டு. அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். எல்லாரும் உள்பக்கம் ஒதுங்கிப் போக, அவன் வெளிப்பக்கமாக ஏறி மூன்றாவதாக வந்தான். கடைசிச் சுற்று வரை அந்த இடத்தை விடவில்லை. சரிவில் நின்ற குடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கி வந்தன.

நான் அதைப் பார்க்கவில்லை. எடைக் கொட்டிலில் தட்டுகளுக்கு மேலே தோட்டத்திலிருந்து இரவல் வாங்கிய தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் கார் கம்பனிக் குழுவினுடையது. பட்டத்துக்கு மோகனோடு போட்டி போட்டவர்கள் அவர்கள்தான். எடை எல்லைக்கு மேலே, தாராளமாக. இரண்டாவதும் சரி. மூன்றாவதாக மோகன் ஏறினான். காரின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. எண்களைச் சொன்னார்கள், எழுதினேன், கூட்டினேன். ஒரு கிலோ குறைந்தது.

மறுபடி கூட்டினேன். அதே விடை. காரை இறக்கி, தட்டுகளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றச் சொன்னேன். விதி அதற்கு இடம் தருகிறது. மோகனுக்கு விளங்கிவிட்டது. ஒரு காரை இரண்டாம் முறை ஏற்றினால் அதற்கு ஒரு அர்த்தம்தான். தலைக்கவசத்துக்குள் அவன் கண்கள் என்னைவிட்டு நகரவில்லை. மறுபடி நாலு எண்கள். மறுபடி ஒரு கிலோ குறைவு.

கயிற்றுக்கு வெளியே கம்பனிக் குழுவின் மேலாளர் நின்றார். வெளிநாட்டுக்காரர், அமைதியான மனிதர், முதலில் சட்டம் படித்தவர். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

தாளைச் சிவபாதம் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்தார். கை நெஞ்சுப் பைக்குப் போனது. கைக்குட்டையை எடுத்து இடது கண்ணாடியைத் துடைத்தார். வலது கண்ணாடியைத் துடைத்தார். கயிற்றுக்கு வெளியே சத்தம் அடங்கியது. பேனாவைத் திறந்துவிட்டு, தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"பார்த்தனீரோ, கேட்டனீரோ?"

"கேட்டேன் ஐயா. நாலு பேரும் சொல்லச் சொல்ல எழுதினேன்."

"அப்ப போய்ப் பாரும்."

மோகன் இன்னும் தட்டுகளின் மேல்தான் இருந்தான். முன்பக்கம் இரண்டையும் குனிந்து பார்த்தேன். தாளில் உள்ளபடியே இருந்தன. பின் வலதும் சரி. பின் இடது முத்துவேலு ஐயாவுடையது. பெட்டியின் மேல் விழுந்த தண்ணீரைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு எனக்குக் காட்டினார். பெட்டியில் இருந்த எண், அவர் சொன்னதைவிட இரண்டு கிலோ கூட.

கயிற்றுக்கு வெளியே கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன். "கணக்கப்பிள்ளை ஐயா, இதுல வேற எண் இருக்கே. நீங்க ரெண்டு கொறைச்சுல்ல சொன்னீங்க?"

"ஆமாங்க," என்றார் அவர், ஒரு தயக்கமும் இல்லாமல். "நனைஞ்சிருக்குல்ல. தண்ணிக்கு ரெண்டு கழிச்சுத்தான சொல்லணும். மழை விட்ட பொறகு கழிக்க மாட்டேங்க. நான் யாருக்கும் ரெண்டுக்கு மேல கழிச்சதும் இல்ல, வேணும்னா தோட்டத்துல கேட்டுப் பாருங்க."

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழை நாளில் கொழுந்து சாக்கு நனைந்து கனக்கும். தண்ணீருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்று, நிறுக்கும் இடத்தில் கிலோ கணக்காகக் கழித்துத்தான் சொல்வார்கள். பல இடங்களில் அது வழக்கம், பல இடங்களில் அதுவே சண்டை. அந்த இரண்டு கிலோவில் சில நாள் ஒரு பெண்ணுக்கு முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடும், அதாவது முழு நாள் வேலை அரை நாளாகிவிடும். முத்துவேலு ஐயா அந்தத் தொழிலில் நரைத்தவர். மழை பெய்தது, தராசில் நனைந்த பொருள் ஏறியது, அவர் வாய் தானாகக் கழித்துவிட்டது. முதல் இரண்டு கார்களுக்கும் கழித்திருக்கிறார். அவற்றில் எடை தாராளமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி மாணவர்கள் மூவருக்கும் கழிக்கத் தெரியாது. அது எங்கள் அதிர்ஷ்டம்.

மோகன் கதவின் வலைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். தலைக்கவசத்தின் முன்தட்டை மேலே தள்ளினான்.

"எங்க அம்மாகிட்ட இத்தன வருசமா ரெண்டு ரெண்டா கழிச்சீங்க. அது பத்தலயாங்க?"

முத்துவேலு ஐயா எழுந்துவிட்டார். "அது தோட்டத்து வழக்கம்ப்பா. கார் வேற, கொழுந்து வேறன்னு எனக்கு யாரு சொன்னா? தண்ணி தண்ணிதான?"

நான் நடந்ததைச் சிவபாதம் ஐயாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். அதற்குள் மேலாளர் கயிற்றைத் தாண்டாமல், ஆனால் கயிற்றைத் தொட்டுக்கொண்டு பேசத் தொடங்கியிருந்தார். உள்ளூர்க்காரனின் கார், உள்ளூர்ப் பரிசோதகன், உள்ளூர் வாசிப்பாளர். இரண்டு முறை குறைந்த எடை மூன்றாம் முறை கூடுகிறது. இதை எந்த மேன்முறையீட்டு மன்றத்தில் போய் நான் விளக்குவது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

சிவபாதம் ஐயா அவரை உள்ளே வரச் சொன்னார். பின் இடது பெட்டிக்குப் பக்கத்தில் நீங்களே குந்துங்கள், நீங்களே வாசியுங்கள் என்றார். மேலாளர் நல்ல காற்சட்டையோடு சேற்றில் குந்தினார். முதல் இரண்டு கார்களையும் அதே தட்டில் ஏற்றி அவரையே வாசிக்க வைத்தோம். பிறகு மோகனின் கார். எண்ணை அவர் வாயால் சொன்னார். நான் கூட்டினேன். எல்லைக்கு ஒரு கிலோ கூட.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மேலாளர் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டே முத்துவேலு ஐயாவைப் பார்த்தார். அவர் என்ன சொல்லிக் கழித்தார் என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தேன். மேலாளர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

உங்கள் வாசிப்பாளர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்றார். காருக்குத்தான் குறைந்தபட்ச எடை, மழைக்கு அல்ல. இந்தக் காரில் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. அதைக் கழித்தால் கார் எல்லைக்குக் கீழே. காரிலிருந்து எதையும் இறக்கச் சொல்லவில்லை, தாளில் கழிக்கத்தான் சொல்கிறேன். கழிப்பது இந்த ஊரின் வழக்கம்தானே. பிறகு மோகனைப் பார்த்து, அல்லது தண்ணீர் தானாக வந்ததா, எடைக்காக விடப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

மோகனின் கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார் சிவபாதம் ஐயா. மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு கிலோவா, நாலு கிலோவா, பார்த்துச் சொல்ல முடியாது. எடைக்காகத் தண்ணீரை ஊற்றி ஓடியது நிரூபணமானால் அந்த ஒரு பந்தயம் மட்டும் போகாது, ஆண்டு முழுவதும் போய்விடும். மோகனின் கராஜ் பையன்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். ஒருவன் அழுதுவிட்டான்.

சிவபாதம் ஐயா பென்சிலால் தண்ணீரைத் தொட்டார். பென்சிலைத் துடைத்தார். "மற்ற ரெண்டையும் திறவும்" என்றார்.

மேலாளர் ஒரு வினாடி தாமதித்தார். பிறகு தன் ஆளுக்குத் தலையசைத்தார். அவர்களுடைய கார் டிக்கியின் குழியிலும் தண்ணீர். இரண்டாவதாக வந்த காரிலும் தண்ணீர். மூன்றிலும் குழியின் அடியில் கார் தொழிற்சாலை போட்ட ரப்பர் அடைப்பான் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற எங்கள் விதியே அனுமதிக்கவில்லை. அன்றைய மழை யாரையும் விட்டுவைக்கவில்லை.

ஊற்றியது என்ற பேச்சு அதோடு போனது. மிஞ்சியது கழிப்பதா வேண்டாமா என்பது. எங்கள் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி முடிவு செய்தாலும் எதிர்ப் பக்கம் மேன்முறையீடு போகும். சிவபாதம் ஐயா எடைக் கொட்டிலின் ஓரத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்தார். அவர் கை ஒரு முறை நெஞ்சுப் பைவரை போனது. மோகன் கண்ணை மூடிக்கொண்டான். கை அங்கே நின்று, திரும்பி வந்தது.

ஆங்கிலத்தில் மேலாளருக்கு அவர் சொன்னதன் சாரம் இது. விதி, முடித்த நிலையில் என்று சொல்கிறது. நனைந்து முடித்தவனுக்கு நனைந்த நிலைதான் முடித்த நிலை. தண்ணீரைக் கழித்தால் சேற்றைக் கழிக்க வேண்டும், சேற்றைக் கழித்தால் டயரில் ஒட்டிய தாரைக் கழிக்க வேண்டும், உங்களுடைய காரிலும் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. அளக்க முடியாததைக் கழிப்பது எடை போடுவது ஆகாது.

பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "அது ஊகம், செல்வராஜ். பொருந்தேல்லை" என்றார். கண்ணாடியைத் துடைக்காமலே அந்தச் சொல்லை அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். தாளில் கையெழுத்துப் போட்டார்.

மோகன் இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். முத்துவேலு ஐயா தன் துண்டைப் பிழிந்து அவனிடம் நீட்டினார். அவன் முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பட்டம் அவனுக்கு நின்றது. மேலாளரின் கம்பனி மேன்முறையீடு செய்தது. விசாரணை நடக்கும் முன்பே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தொடரிலிருந்தும் விலகியது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று ஒரு வரியில் அறிவித்தார்கள். ஒரு கம்பனி போனால் மற்றதற்கு யாரோடு போட்டி? மோகனுக்கு இருக்கை தருவதாகச் சொன்ன கம்பனியும் அதே காரணம் சொல்லிக் கைவிரித்தது. அடுத்த ஆண்டு எங்கள் தடத்துக்கு ஏழு கார்கள் வந்தன. சரிவில் குடைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதற்கு அடுத்த ஆண்டு தொடரே இல்லை. மோகன் இன்றும் பதுளையில் கராஜ் நடத்துகிறான். கோப்பை, எண்ணெய் வடிகட்டிகள் அடுக்கிய தட்டில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "ஓட்டிப் பாத்தாச்சுல்ல" என்பான். அதற்கு மேல் பேச மாட்டான்.

நான் இதை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் பலகையை எழுதியது பந்தயம் முடிந்த அன்று அல்ல, அதற்குச் சில நாள் கழித்து.

இரவல் வாங்கிய தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். அன்றும் மழை. கொழுந்து நிறுக்கும் கொட்டிலை அங்கே மடுவம் என்பார்கள். மடுவத்தில் பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். முத்துவேலு ஐயா தராசுக்குப் பக்கத்தில். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரிசையில் முன்னால் நின்றவர் ராசம்மா. சாக்கைக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது.

"பதினேழு," என்றார் முத்துவேலு ஐயா.

ராசம்மா சாக்கை இறக்கவில்லை. "தராசு என்னாங்க சொல்லுது?"

"பத்தொம்பது. தண்ணிக்கு ரெண்டு. புதுசா கேக்குற?"

"புதுசாத்தான் கேக்குறேங்க. நனைஞ்சு முடிச்சா நனைஞ்ச நெலையிலதான் நிறுக்கணும்னு தீர்ப்பாமே. மவன் காருக்கு ஒரு தீர்ப்பு, எனக்கு ஒரு தீர்ப்பா?"

பின்னால் நின்ற பெண்கள் தலையில் இருந்த சாக்குகளை ஒவ்வொருவராகத் தரையில் இறக்கி வைத்தார்கள். வேலையை நிறுத்தப்போகிறோம் என்று அதற்கு அர்த்தம், அந்த மடுவத்தில் எல்லாருக்கும் அது தெரியும். மேற்பார்வைக்கு நின்ற உத்தியோகத்தர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைக் கூப்பிடத்தான். வேலை நின்றால் யார் தொடங்கியது என்று துரை பெயர் கேட்பார், முதலில் ராசம்மாவின் பெயர்தான் போகும். அவர் கொக்கியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

முத்துவேலு ஐயா என்னைப் பார்த்தார். அன்று எடைக் கொட்டிலில் 'எனக்கு யாரு சொன்னா' என்று கேட்டபோது இருந்த அதே பார்வை. "நீங்க சொல்லுங்க சேர்," என்றார். "அன்னைக்கு நீங்கதான நின்னீங்க. கொழுந்துக்கும் அப்படித்தானா?"

எனக்கு அந்தத் தோட்டத்தில் எந்த அதிகாரமும் இல்லை. தார்ப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற வெளியாள் நான். கொழுந்து பற்றி விதி எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். தராசுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன்.

"பார்த்தேன் ஐயா," என்றேன். "பத்தொன்பது."

உத்தியோகத்தர் இன்னும் வெளியே பேசிக்கொண்டிருந்தார். முத்துவேலு ஐயா பேனாவைத் திறந்தார். பிறகு பத்தொன்பது என்று எழுதினார். ராசம்மா சாக்கை இறக்கிவிட்டு, ஒதுங்கி நின்றார், போகவில்லை. அடுத்த பெண் தன் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். முத்துவேலு ஐயா துண்டால் தராசின் கண்ணாடியைத் துடைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, அவளும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் விலகி நின்றார்.